உடைக்காமல் வாசித்தவள்

கரும்பலகையில் இருந்த பெயரை வாசிக்கச் சொன்னதும் வள்ளித்தாய்க்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஐந்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சு. முந்தானையில் தெறித்த சாந்து இன்னும் காயவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் புதுச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. மணல் வண்டி வரும்வரை சித்தாளான அவளுக்கு வேலையில்லை. முதியோர் வகுப்பில் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஜெயபாய் டீச்சர்தான், சும்மா நிற்கிற நேரம் உள்ளே வந்து உட்காரச் சொல்லியிருந்தார். சட்டி தூக்க வந்தவள் கலெக்டராகப் போகிறாள் என்று பரமசிவன் கொத்தனார் சாரத்தில் நின்றபடி தினமும் கேலி பேசுவார்.

அவள் படிக்க மட்டும் வரவில்லை. முதல் பெஞ்சில் இருக்கும் ரெட்டைச் சடையைப் பார்க்கவும்தான் வந்தாள்.

இசக்கித்தாய். வாசுதேவநல்லூர்க்காரியின் மகள்.

போன ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தோடு கூட்டமாக வீட்டை விட்டுப் போன வள்ளித்தாயின் புருசன், இப்போது அந்த வாசுதேவநல்லூர்க்காரியோடு இதே ஊரில் குடியிருந்தான்.

பச்சை ரிப்பன். ரப்பர் செருப்பு. மூடி போட்ட ஜாமிட்ரி பெட்டி. எல்லாம் அவன் வாங்கிக் கொடுத்ததாகத்தான் இருக்கும். வள்ளித்தாய்க்கு ஒரு முழம் பூ வாங்கி வந்தவனில்லை. பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. ஒரு சின்னப் பிள்ளையைப் பார்த்தா பொறாமைப்படுகிறோம் என்று வெட்கமும் வந்தது. வெட்கம் வந்ததே தவிர எரிச்சல் அடங்கவில்லை.

ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. பிள்ளை அவனுக்குப் பிறந்ததில்லை, வாசுதேவநல்லூர்க்காரியை முன்பு கட்டிச் செத்துப்போனவனின் பிள்ளை என்று ஊரே சொன்னது. வயிறு திறக்காத வள்ளித்தாய்க்கு இத்தனை நாளும் சோறு இறங்கியது அந்த ஒரு பேச்சை நம்பித்தான்.

அன்றைக்கு நீளமான சொற்களை வாசிக்கும் பாடம். எல்லோர் வீட்டிலும் ஒரு நீளமான சொல் இருக்கும் என்று சொல்லி, டீச்சர் ஒவ்வொரு பிள்ளையிடமும் அப்பா பெயரைக் கேட்டார். இருப்பதிலேயே நீளமானதைக் கரும்பலகையில் எழுதினார்.

சங்கரநாராயணன்.

"கருப்பட்டிய முழுசா வாயில போடுவோமா மக்கா? ஒடச்சு ஒடச்சுத்தான திங்கோம். அதே மாதிரிதான் இதுவும்."

அடிஸ்கேலால் பெயரை மறைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காட்டினார். பிள்ளைகள் ராகம் போட்டு வாசித்தார்கள்.

பெயரைச் சொன்னது ரெட்டைச் சடைதான். சோறு போடுகிறவன் பெயரை அப்பா பெயராகச் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று வள்ளித்தாய் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் டீச்சர் கடைசி பெஞ்சைப் பார்த்து, அவளையும் வாசிக்கச் சொன்னார்.

தாலி கட்டினவன் பெயரை அவள் இதுவரை வாயால் சொன்னதில்லை. சொல்லக்கூடாது. அவன் போன பிறகும் சொல்லவில்லை. டீச்சருக்கு அது யார் பெயர் என்று தெரியாது. நீளத்தைப் பார்த்து மிரளுகிறாள் என்று நினைத்து, ரெட்டைச் சடையை எழுப்பி வாசித்துக் காட்டச் சொன்னார்.

மற்றச் சொற்களில் எல்லாம் தட்டுத் தடுமாறுகிற பிள்ளை, இதை உடைக்கவே இல்லை. ஒரே மூச்சில் வாசித்தது.

டீச்சருக்கே ஆச்சரியம். எப்படி என்று கேட்டார்.

"ஒண்ணாங்கிளாஸ் சேரும்போதே எங்கப்பா கையப் பிடிச்சு எழுதப் பழக்கிட்டாவ டீச்சர்."

ஒண்ணாங்கிளாஸ்.

நாலு வருசத்துக்கு முந்தின பேச்சு. அந்த வருசமெல்லாம் அவன் வள்ளித்தாய் ஆக்கிப்போட்ட சோற்றைத்தான் தின்றுகொண்டிருந்தான். தனக்கும் நாலு எழுத்துச் சொல்லித்தரச் சொல்லி அவள் கேட்டதும் அப்போதுதான். உனக்குக் கைநாட்டே போதும் என்று சிரித்தான்.

வள்ளித்தாய் எழுந்து நின்றாள்.

கருப்பட்டியில் கிடந்த கல்லைத் துப்புகிறவள் போல, சங் என்றாள். கர என்றாள். நா என்றாள். ரா என்றாள். யணன் என்று முடித்தாள்.

டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. இனி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தடவை வாசிக்கச் சொன்னார்.

"சேக்க வேண்டாம் டீச்சரம்மா."

சும்மாட்டுத் துணியை உதறி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மணல் வண்டி இன்னும் வந்திருக்கவில்லை.