பச்சை எழுத்து

டைட்டஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. ஆம்புலன்ஸைக் காணோம். அவன் மனைவி மெர்சியின் செல்போனில் மட்டும் பச்சை எழுத்து பளபளத்தது: 'கோரிக்கை வெற்றி!'

சேவை மையத்தை அழைத்துக் கத்தினாள். "வண்டி எங்கேய்யா?"

"வண்டி எதுவும் காலி இல்லையே மேடம்."

"அப்புறம் எதுக்குய்யா வெற்றின்னு போட்டீங்க?"

"தோல்வின்னு வந்தா ஜனங்க மனசு நோகுதாம். அதனால அந்தப் பதிலையே சிஸ்டத்துலேர்ந்து எடுத்துட்டாங்க. இப்போ எல்லா இலாகாவுலயும் வெற்றி மட்டும்தான்."

மெர்சியின் பிடிக்குள் டைட்டஸின் கை சில்லிட்டுக்கொண்டிருந்தது.

"அடப் பாவிகளா! 'என் வேன்ல ஏத்திட்டுப் போயிடலாம்க்கா'ன்னு எதிர்வீட்டு மீன்காரன் ஓடி வந்தான். ஆம்புலன்ஸ் வருதுன்னு இந்தப் பச்சை எழுத்தைக் காட்டி, நான்தானேடா அவனைத் திருப்பி அனுப்பினேன்!"