சாளைக் குரல்

குழந்தையின் காது திறக்குமுன்பே தாய் வயிற்றில் கட்டும் பட்டை வழியாக ஒரு குரலை மின்துடிப்பாகக் கொடுத்தால், செவி நரம்பின் வாசல்கள் அந்தக் குரலுக்கென்றே அமைந்துவிடும், கண்ணுகளா. தூத்துக்குடி பிலோமியும் தன் குரலைப் பதிந்துதான் பட்டை கட்டினாள். பதியும்போது ஜன்னலைச் சாத்தவில்லை. தெருவில் சாளை மீன் விற்கும் செபத்தாயின் கூவல்தான் அதில் ஓங்கி விழுந்திருந்தது.

பிறந்த பிள்ளை அம்மா கூப்பிட்டால் திரும்பவே இல்லை. செபத்தாய் தெருவில் கூவினால் கைகாலை உதைத்துச் சிரித்தது.

பிலோமியின் முகத்தைப் பார்த்த செபத்தாய்க்கே பாவமாகிவிட்டது. “ஏட்டி, நீயும் கூவு. அடிவயித்துலருந்து கத்தணும்.”

பிலோமி மூச்சை இழுத்தாள். “சாளேய்ய்... சாளை!”

பிள்ளை முதன்முறையாக அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவள் அழுதுகொண்டே மறுபடியும் மறுபடியும் கூவினாள்.

மாடிவீட்டு அக்கா சட்டியோடு இறங்கி வந்துவிட்டாள். “அழாதட்டி, நீ சொல்லுத வெலைக்கே வாங்கிக்கிடுதேன்.”