தூக்கிய கைகள்

"இந்தக் காலத்து ஜனங்க கோழியைக் கடிக்கறப்பகூட அடுத்தவ தலையையும் சேத்துத்தான் கடிக்கறாங்க" என்று முனகியபடி தட்டைத் தள்ளிவைத்தார் ஹோசியா கிழவர்.

மிசிசிப்பியின் அந்தக் கறுப்பர் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. கூடவே ஒரு வாக்கெடுப்பு. உலகப் புகழ் பாடகி ஜுனெட்டாவின் பேரைச் சபை உறுப்பினர் புத்தகத்திலிருந்து அடிப்பதா, வேண்டாமா?

"முடியை மஞ்சளாக்கிட்டா. வெள்ளைக்காரனைக் கட்டிக்கிட்டா. அதெல்லாம் தொலையட்டும்" என்றாள் சிஸ்டர் லவோனியா. "போன மாசம் பெத்த தாயைப் புதைச்சோமே, எட்டிப் பாத்தாளா?"

"உன் மகன் கல்யாணத்துல அவ பாட்டைப் போட்டுத்தானே அந்த ஆட்டம் ஆடினே?"

"அது வேற, ஹோசியா அண்ணே!"

"என்ன வேற? இதே கூடத்துல பாடிக்கிட்டிருந்த புள்ள. நம்மள்ல ஒருத்தி அவ்வளவு உசரம் போயிட்டா. உங்களுக்கு அண்ணாந்து பாக்கக் கழுத்து வலிக்குது."

சிலர் சிரித்தார்கள். லவோனியா சிரிக்கவில்லை.

"மக உக்கார வேண்டிய நாற்காலி காலியாக் கிடந்துச்சு. பெட்டியை மூடறப்ப நான்தான் தாங்காம மயங்கி விழுந்தேன். பக்கத்து ஊர்ச் சபையிலேர்ந்து, துக்கத்துல மயங்கறவங்களைப் பாத்துக்கற ஊழியத்துக்கு வந்த பொண்ணு, வெள்ளைச் சீருடையும் முகக்கவசமுமா, என் தலையை மடியில வெச்சு அரை மணி நேரம் விசிறினா. அந்த ஈரம் சொந்த மகளுக்கு இல்லையே! நீங்கதானே அந்தச் சீருடை ஊழியக்காரங்களுக்குத் தலைவர், அவ பேரென்ன?"

"விசிறி வீசறவ பேரை நீங்க என்னைக்குக் கேட்டிருக்கீங்க?"

மேலே ஏதோ சொல்ல வந்தவர், கொடுத்த வாக்கு நினைவுக்கு வர வாயை மூடிக்கொண்டார்.

பேரை அடிக்க யாருக்கெல்லாம் சம்மதம் என்று பாஸ்டர் கேட்டதும் லவோனியாவின் கைதான் முதலில் எழுந்தது. பின்னாலேயே மற்ற கைகளும், கோழி எண்ணெயைக்கூடத் துடைக்காமல். ஹோசியாவின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. ஜுனெட்டாவின் பேர் மேல் கோடு விழுந்தது.

தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பியவரைப் பாஸ்டர் வாசலில் மறித்தார். "வருத்தப்படாதீங்க ஹோசியா. இது தேவ சித்தம்."

"அவர் கை தூக்கினதை நான் பாக்கலியே!"

தெருவில் இறங்கியதும் ஃபோன் அடித்தது.

"மாமா, ஜுனெட்டா பேசறேன். நீங்க குடுத்த வெள்ளைச் சீருடையைத் துவைச்சு அனுப்பிட்டேன். ஒரு கேமராகூட மோப்பம் பிடிக்காம அம்மாவை வழியனுப்பினது உங்களாலதான். ஆமா, என் மடியில மயங்கிக் கிடந்தாங்களே லவோனியா அத்தை, இப்ப எப்படி இருக்காங்க?"

"அவளுக்கென்ன? கையெல்லாம் நல்லாவே தூக்கறா" என்று சொல்லிவிட்டு, சபைப் பக்கம் திரும்பியும் பாராமல் நடந்தார் ஹோசியா.