பல்வலி

பஸ் டிரைவர் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி வழிமறித்தாள்.

“ஊதுங்க.”

“செருப்பையாவது கழட்ட விடும்மா. டிப்போல மெஷினு, வீட்டுல நீ!”

ஊதினான். வாடையில்லை. அப்படியும் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். வாயில் கிராம்பை மென்றுகொண்டே இருந்தாள்.

“என்னாச்சு?”

“மத்தியானத்துலேர்ந்து பல்வலி.”

“சரி, இப்ப நீ ஊது.”

“நானா? அடுப்புல பால் பொங்குது.”

எட்டிப் பார்த்தான். அடுப்பு எரியவில்லை.

“ரெண்டு பேரும் சேர்ந்துதானே குடியை விட்டோம்? நான் மட்டும் ஊதினா எப்படி?”

அவள் தலைகுனிந்தாள். கையைப் பிடித்துக்கொண்டான்.

“நாளைக்கு லீவு போடறேன். டாக்டர்கிட்ட போலாம்.”

“பல் டாக்டர்கிட்டயா?”

“இல்ல. குடிச்ச நாள்லயெல்லாம் எனக்கும் இதே பல்லுதான் வலிச்சுது.”