தள்ளிக்கொண்டு போன பாண் ஓட்டோ

ஒரே ஒரு ஊரில், பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாணும் இனிப்புப் பணிசும் விற்கும் ஓர் ஓட்டோ இருந்ததாம். அந்த ஊர் வேறெங்கும் இல்லை, நம்ம கல்முனைதான்.

பெற்றோல், மண்ணெண்ணெய் விலை ஏறிய பிறகு, கடற்கரைத் தெருவுக்குள் வரும்போது மட்டும் ஓட்டோக்காரர் ஜவுபர் பாட்டை நிறுத்தினார். எஞ்சினையும் நிறுத்தினார். இறங்கி ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

தெருவே சிரித்தது.

ஒருநாள் அந்தத் தெரு நஸீறா தன் வீட்டு வாசல் கடப்படியில் வழிமறித்தாள்.

"என்ன ஜவுபர் காக்கா, பாட்டும் பெற்றோல் குடிக்குதா?"

"மெள்ளக் கதைங்க தங்கச்சி. என்ன வேணும்?"

"பணிஸ் ரெண்டு. எண்ணெய் ஏறின அண்டைக்கே பணிசும் ஏறிச்சு, அளவும் சிறுத்துப் போச்சு. இப்ப எண்ணெய் கொஞ்சம் இறங்கினது மட்டும் உங்கட பணிசுக்குத் தெரியாதா?"

"கோதுமை மா ஏத்துற லொறிக்கூலி இறங்கல்லயே. பேக்கரியில குறைச்சா நானும் குறைப்பன்."

"நல்லாத்தான் கதைக்கிறீங்க. தள்ளித் தள்ளி மிச்சம் புடிச்சி மாடியா கட்டப் போறீங்க? பாட்டுக் கேக்காம எத்தின நாள் உங்கள விட்டுட்டு நிண்டன்!"

சொல்லிக்கொண்டே பணிஸ் ரெண்டையும் வாங்கி, மற்றக் கையை ஓட்டோவுக்குள் விட்டுப் பாட்டுச் சுவிட்சைத் தட்டினாள்.

"ஐயோ, வேணாம்!"

பாட்டு தெரு முழுக்கக் கேட்டது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கடல்தொழில் செய்யும் சுபியானின் சின்ன மகள் ஹிமாயா வெறுங்காலோடு ஓடிவந்தாள்.

"உம்மா, பாண் ஓட்டோ வந்திட்டு! பணிஸ் உம்மா!"

பின்னால் வந்த தாய் றிப்னா, மகளின் வாயைப் பொத்தித் தூக்கினாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அழுகை கேட்டது.

முற்றத்தில் தோணி எஞ்சின் சாக்கால் மூடிக் கிடந்தது. மண்ணெண்ணெய்க்குக் கொடுப்பதை மீனில் எடுக்க முடியாமல், சுபியான் கடலுக்குப் போவதையே விட்டிருந்தான். நஸீறாவுக்கு அது தெரியாததல்ல.

ஜவுபர் பாட்டை நிறுத்தினார்.

நஸீறா கையிலிருந்த பணிசைப் பார்த்தாள். "இதக் குடுத்திட்டு வரட்டா காக்கா?"

"நானும் குடுத்தன். முதல்ல வாங்கினாங்க. பிறகு, 'சும்மா வாங்கப் பழக்காதீங்க காக்கா, நாங்க கெதியா கடலுக்குப் போயிருவம்' எண்டு றிப்னா அழுதிச்சு."

ஓட்டோவின் பிடியைப் பற்றினார்.

"அண்டைக்கே பாட்ட நிப்பாட்டினன். ஹிமாயா எஞ்சின் சத்தத்திலயும் கண்டுபுடிக்கிறாள்."

நஸீறா பின்னால் போய் ஒரு கை கொடுத்துத் தள்ளினாள்.

தெருமுனை தாண்டிய பிறகுதான் எஞ்சின் உயிர்த்தது. பணிஸ் ரெண்டையும் முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு, அவள் சத்தமில்லாமல் வீட்டுக்கு நடந்தாள்.