தட்டில் வளர்ந்தது

"வந்துருச்சு டாக்டர்! வளந்துருச்சு!"

மலேசியாவில், கிள்ளானில் ஒரு மருத்துவமனை. ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கு மூச்சிரைக்க ஓடிவந்தார் லேப்காரம்மா லோகேஸ்வரி. கையில் போன், முகமெல்லாம் சிரிப்பு.

பெஞ்சில் இருந்த சீதாலெட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் அரை மணி நேரத்தில் அவள் கணவர் சின்னையாவின் வலது கையில் இரண்டு விரல்களை எடுக்கப் போகிறார்கள்.

சின்னையாவுக்கு தெலுக் பங்லிமா காராங்கில் வண்ணமீன் பண்ணையில் வேலை. தொட்டி கழுவும்போது பட்ட சின்னக் கீறல்தான். நாலு மாதமாக ஆறவில்லை. வீங்கி, உள்ளே பரவிக்கொண்டே போனது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை.

புண்ணிலிருந்து சதை எடுத்து, கிருமி வளர்கிறதா என்று லேப் தட்டுகளில் வைத்துப் பார்த்தார்கள். என்ன கிருமி என்று கேட்கும்போதெல்லாம் லோகேஸ்வரி சொன்னது ஒன்றுதான்: "இன்னும் வளரலம்மா. கொஞ்சம் பொறுங்க."

இப்போது போனை தியேட்டர் வாசலில் நின்ற டாக்டர் கமலநாதனிடம் நீட்டினார்.

"போட்டோவப் பாருங்க! வெளிச்சத்துல வச்சதும் மஞ்சளா மாறிடுச்சு, எவ்வளவு அழகா இருக்கு! மீனுக்கு வர்ற கிருமி டாக்டர். மனுஷனுக்கு எப்பவாவதுதான் வரும். முப்பத்தஞ்சு வருஷத்துல இப்பதான் மொத தடவையா பாக்குறேன்!"

"அழகா?" சீதாலெட்சுமி எழுந்துவிட்டாள். "இங்க ஒரு மனுஷனுக்கு விரல் போகப் போவுது. உங்களுக்குக் கொண்டாட்டமா இருக்கா மேடம்?"

"சீத்தா, சும்மா இரு லா," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னையா.

"நீங்க சும்மா இருங்க! யாரும் பாக்காத கிருமின்னா பேப்பர்ல பேரு வரும், ப்ரமோஷன் கெடைக்கும். அதுக்குத்தான் இந்தக் குதி!"

லோகேஸ்வரியின் சிரிப்பு அப்படியே நின்றது.

டாக்டர் போனிலிருந்து நிமிர்ந்து நர்ஸைக் கூப்பிட்டார்.

"மிஸ்ஸி! ஆபரேஷன் கேன்சல்! அங்கிளை வார்டுக்குக் கூட்டிட்டுப் போங்க!"

"அப்ப என் விரலு?" சின்னையா கையைத் தூக்கிக் காட்டினார்.

"எடுக்க வேணாம் அங்கிள். என்ன கிருமின்னு தெரிஞ்சிருச்சு, அதுக்கேத்த மாத்திரைக்கே அடங்கும். மாசக்கணக்குல விடாம சாப்பிடணும், அவ்வளவுதான்."

சின்னையா வீங்கிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார்.

"மத்த தட்டையெல்லாம் உடம்புச் சூட்டுல வச்சோம். ஒண்ணும் வளரல," என்றார் டாக்டர். "மீன் தொட்டியில வேலைன்னு தெரிஞ்சதும், இவங்கதான் ஒரு தட்டை மட்டும் சூடு கொறச்சு வச்சு, மூணு வாரம் தூக்கிப் போடவிடாமக் காத்திருந்தாங்க."

சீதாலெட்சுமி லோகேஸ்வரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாமப் பேசிட்டேன் மேடம். உங்களுக்கு ப்ரமோஷன் கெடைச்சா மொத ஆளா நான்தான் சந்தோஷப்படுவேன்."

டாக்டர் சிரித்தார்.

"ப்ரமோஷனா? அவங்க நேத்தே பென்ஷன் ஆயிட்டாங்கம்மா. அந்தத் தட்டைப் பாக்கத்தான் இன்னிக்கு பூச்சோங்லேர்ந்து பஸ் ஏறி வந்திருக்காங்க."