பதினோராம் நம்பர் பொடியன்

"முதுகிலை பதினொண்டு போட்டிருக்கு. உவன்தான்," என்று கையை நீட்டிக் காட்டினாள் புஷ்பராணி.

"தெரியுது. கையைக் காட்டாதை," என்று குணரத்தினம் மனைவியின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

குளிர் காதைக் கடித்தது. கல்லூரிகளுக்கு இடையிலான ஆண்கள் உதைபந்தாட்டத் தொடரின் இறுதிப் போட்டி. மொன்றியலுக்கு வந்து இத்தனை வருஷத்தில் குணரத்தினம் இப்படியொரு மைதானத்துக்குள் கால் வைத்ததில்லை. இன்றைக்கு பியர்பொன்ட்ஸிலிருந்து கார் ஓட்டி வந்ததுகூட ஆட்டம் பார்க்க அல்ல, ஆள் பார்க்க.

ஒரே மகள் நிருஷா, கூடப் படிக்கும் டெனிஸ்டனைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். பொடியன் வேதக்காரன். "என்ர சாமி அறைக்குள்ளை சிலுவை வராது," என்று குணரத்தினம் ஒரேயடியாக மறுத்துவிட்டார். நிருஷா அழவில்லை, சண்டை பிடிக்கவும் இல்லை.

"சனிக்கிழமை ஃபைனல். ஒருக்கா ஆளைப் போய்ப் பாருங்கோ அப்பா. பாத்திட்டு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. பேந்து நான் வாய் திறக்கமாட்டன்," என்றாள்.

ஒரு குற்றம் அகப்பட்டால் போதும் என்றுதான் அவர் வந்திருந்தார்.

பக்கத்து இருக்கையில் கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் வந்து இருந்தார்.

"தமிழோ?"

"ஓம்."

"நல்லதாப் போச்சு. நான் இருக்கிறது பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம். இந்தப் பொடியளின்ர விளையாட்டைத் தனியப் பாத்தால் எனக்கு நெஞ்சு வெடிச்சிடும். ஆரோடையாவது கதைக்க வேணும்."

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே டெனிஸ்டன் உதைத்த பந்து கோல் கம்பத்துக்கு மேலால் பறந்து, வேலிக்கு அங்கால் நின்ற பஸ்ஸில் போய் மோதியது.

"கிழிஞ்சுது!" என்றார் தொப்பிக்காரர். "உந்தப் பதினொண்டை ஆர் டீமிலை எடுத்தது?"

குணரத்தினத்துக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனாலும், "காத்து எதிரா அடிக்குது, அதுதான்," என்று வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. புஷ்பராணி அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

எதிரணி ஒரு கோல் போட்டது. தொப்பிக்காரர் அதற்கும் பதினொண்டைத்தான் பிடித்தார்.

"பந்து கிடைச்சால் ஒருத்தருக்கும் குடான். தனிக்காட்டு ராசா எண்ட நினைப்பு."

"குடுக்கிறதுக்கு முன்னுக்கு ஆள் நிக்க வேணுமே, அண்ணை?" குணரத்தினத்தின் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

இரண்டாம் பாதியில் டெனிஸ்டன் இரண்டு பேரை வெட்டிக்கொண்டு ஓடிப்போய்ப் பந்தைத் தட்டிக் கொடுத்தான். கூட நின்றவன் அதைக் கோலாக்கினான். குணரத்தினம் எழும்பி நின்று கை தட்டினார்.

"பாத்தியளே! குடான் எண்டியள். இப்ப குடுத்தது ஆர்?"

"குருட்டு அதிஷ்டம்," என்றார் தொப்பிக்காரர், அசையாமல்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். முன்னுக்கு ஓடிவந்த எதிரணிக் கோல் காப்பாளன் தன் ஆளோடேயே மோதி, தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான். பந்து உருண்டு டெனிஸ்டனின் காலுக்கு வந்தது. முன்னால் வெறும் வலை. கூட்டம் முழுக்க எழும்பிக் கத்தியது.

டெனிஸ்டன் விழுந்து கிடந்தவனை ஒரு தரம் பார்த்தான். பந்தை மைதானத்துக்கு வெளியே உதைத்துவிட்டு, ஓடிப்போய் அவன் பக்கத்தில் முழந்தாளிட்டு, வைத்தியரைக் கை காட்டிக் கூப்பிட்டான்.

மேலதிக நேரத்தில் எதிரணி இன்னொரு கோல் போட்டது. கப் அவர்களுக்குப் போய்விட்டது.

"பாத்தியளே அந்த விசரனை?" தொப்பிக்காரர் தொடையில் அடித்துக்கொண்டார். "கைக்கு வந்த கப்பை வெளியிலை உதைச்சவன்! உப்பிடிப்பட்டவன் நாளைக்கு என்னத்தைக் கிழிக்கப்போறான்? உவனை நம்பி ஆர் பொம்பிளை குடுப்பினம்?"

குணரத்தினம் விருட்டென்று எழும்பினார்.

"நிப்பாட்டுங்கோ அண்ணை! நானும் பொறுத்துப் பொறுத்துப் பாக்கிறன். ஒருத்தன் தலை உடைஞ்சு கிடக்கேக்கை கோல் அடிக்கிறவனோ கெட்டிக்காரன்? ஆர் குடுப்பினமோ? நான் குடுப்பன்! என்ர ஒரே பிள்ளையை அந்தப் பொடியனுக்குத்தான் கட்டிக் குடுக்கப்போறன். என்ர மருமோனைப் பற்றி இனி ஒரு சொல்லுச் சொன்னியளெண்டால், பிறகு நான் மனுசனா இருக்கமாட்டன்!"

முன்வரிசைக்காரர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். புஷ்பராணி அவருடைய ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அப்ப... அந்தச் சிலுவை?" என்று காதுக்குள் கேட்டாள்.

"கோயிலிலையும் கட்டட்டும், சேர்ச்சிலையும் கட்டட்டும். நீ சும்மா இரு!"

தொப்பிக்காரர் கோபிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு எழும்பி, குணரத்தினத்தின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் அம்புறோஸ். டெனிஸ்டன்ர தகப்பன். நிருஷா பிள்ளை உங்கட படத்தைக் காட்டினது, கண்டவுடனை வந்து பக்கத்திலை இருந்தனான்," என்றார். "இந்த ஒரு சொல்லை உங்கட வாயாலை எடுக்கிறதுக்கு, பெத்த பிள்ளையை ஒருத்தன் எவ்வளவு நேரமெண்டுதான் திட்டுறது, சம்மந்தி?"